நாலு சென்ட் வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:

அக்கா, திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் நாலு சென்ட்டில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீடு 900 சதுர அடி. மேலே மொட்டை மாடி, சுற்றிலும் கொஞ்சம் மண்தரை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். சம்பளம் வருகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கொத்தமல்லிக் கட்டிலிருந்து தரை துடைக்கும் திரவம் வரை எல்லாம் போனில் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூட்டைக் குப்பை வெளியே போகிறது.

இந்த ஓட்டம் போதும், வீட்டில் விளைந்ததைச் சாப்பிட்டு எளிமையாக வாழலாம் என்று மனம் சொல்கிறது. ஆனால் வீடியோ பார்க்கப் பார்க்க ஆசையைவிடக் குழப்பம்தான் கூடுகிறது. ஒருவர் நாட்டு மாடு வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் கோழி என்கிறார். மாடித்தோட்டம் முழுதாகப் போட்டுத் தருகிறேன், பதினைந்தாயிரம் ஆகும் என்று ஒருவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா என்றுகூட யோசிக்கிறேன். மாமியாரோ, “நாங்க ஊர்ல பட்ட பாடு போதாதா, உனக்கு எதுக்கு இது?” என்கிறார். எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவழிக்கலாம், எதைத் தொடவே கூடாது? விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வாரத்துக்கு எத்தனை மூட்டைக் குப்பை வெளியே போகிறது என்று எண்ணி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்தது. எதை நடலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வீட்டை விட்டு என்ன போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. குப்பை, தண்ணீர், பணம் இந்த மூன்றும் உங்கள் வீட்டைத் தாண்டி எவ்வளவு போகின்றன என்று முதலில் கண்டுபிடியுங்கள், முடிந்தவரை உள்ளேயே நிறுத்துங்கள். செடியும் கோழியும் அதற்குப் பிறகு வரட்டும்.

வேலையை விட வேண்டாம். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன், கணக்கோடும் சொல்கிறேன். ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 40 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 480 கிலோ. நெல்லில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும். ஆக 720 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை கண்டால் நல்ல விளைச்சல் என்று நம் பக்கத்தில் சொல்வோம். அப்படிக் கண்டாலும் சென்ட்டுக்கு 24 கிலோதான். உங்கள் வீட்டுச் சோற்றுக்கு மட்டுமே 30 சென்ட் நஞ்சை வேண்டும், அதற்குத் தண்ணீரும் வேண்டும். பருப்பு, எண்ணெய், புளி, பால் எல்லாம் அதற்கு மேல். நாலு சென்ட்டில் நின்றுகொண்டு “எங்கள் சாப்பாடு எல்லாம் எங்கள் வீட்டிலேயே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அதே நாலு சென்ட் கொடுக்கக்கூடியது கொஞ்சமல்ல. கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கை ஆகியவற்றைக் கடையில் வாங்காமலே வருடத்தை ஓட்டலாம். கத்தரி, வெண்டை, தக்காளி, கொடிக்காய்கள் பருவத்துக்குப் பருவம் வரும். ஒரு வாழைக்கட்டை, ஒரு பப்பாளி, ஒரு எலுமிச்சைக்கு இடம் இருக்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டால் இந்த மகிழ்ச்சி முழுக்கக் கவலையாக மாறும். பூச்சி விழுந்த ஒரு கத்தரிச் செடி அப்போது குடும்பத்தின் பிரச்சினை ஆகிவிடும். சம்பளம் இருக்கும்வரை அது வெறும் கத்தரிச் செடி.

எளிய வாழ்வைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஜே.சி. குமரப்பாவின் நினைவு வரும். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்தியவர். பிறகு காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக உழைத்தார், கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் வாழ்ந்தார். இயற்கையில் எதுவும் வீணாகாமல் ஒன்றுக்கு ஒன்று உணவாகச் சுழல்கிறது, மனிதனின் பொருளாதாரமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ‘நிலைத்த பொருளாதார’த்தை விளக்கி எழுதினார். நம் நாட்டில் எளிய வாழ்வுக்கு இலக்கணம் வகுத்த ஒருவர் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு அதைச் செய்தார் என்பதை யாரும் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

அதனால் நீங்கள் வாங்க வேண்டிய முதல் கருவி ஒரு கணக்கு நோட்டு. மூன்று மாதம், ஒரு ரூபாய் விடாமல் எழுதுங்கள். கூடவே அது எதற்காக வாங்கப்பட்டது என்று ஒரு சொல்: பசிக்கு, அவசரத்துக்கு, சோர்வுக்கு, ஆசைக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பெரிய ஓட்டை பெரும்பாலும் காய்கறியில் இருக்காது. சாயங்காலம் சோர்ந்து வந்து வரவழைத்த சாப்பாட்டில் இருக்கும், பிள்ளைகளுக்கான பொட்டலத் தீனியில் இருக்கும், ஐந்து வகைத் துப்புரவுத் திரவத்தில் இருக்கும், எதற்கோ கட்டும் மாதத் தவணையில் இருக்கும். கடனை அடைப்பதும் தற்சார்பு வேலைதான். ஒரு தவணை முடிவது பத்துத் தொட்டி வைப்பதைவிடப் பெரிய விடுதலை.

அடுத்தது, மாமியார் கேட்டால் முகம் மலரும் ஒரு பழக்கம்: வருஷச் சாமான். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து, கல்லுப்பு கலந்து, மண்ஜாடியில் அடைத்தால் வருடம் தாங்கும். மிளகாய், மல்லியும் அந்தப் பருவம்தான். மஞ்சள் பொங்கலை ஒட்டி வரும். துவரையை முழுதாக வாங்கி, செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்து வைப்பது நம் பாட்டிமார் வழி. அவ்வளவு முடியாவிட்டால் பருப்பை நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காய்ந்த மிளகாயும் வசம்பும் போட்டு மூடுங்கள். மாதம் பத்துத் தடவை பொட்டலமாக வாங்குவது நிற்கும். பிளாஸ்டிக் உறையும் அந்த அளவுக்குக் குறையும்.

இப்போது குப்பைக்கு வருகிறேன். ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் காய்த்தோல், டீத்தூள், பழத்தோல் சேரும். இதை வெளியே அனுப்பிவிட்டு, காசு கொடுத்து உரம் வாங்குவதில் பொருளே இல்லை. பழைய பிளாஸ்டிக் டிரம் இரண்டு போதும், புதிதாக வாங்க வேண்டாம். பக்கவாட்டிலும் அடியிலும் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஒரு சாண் காய்ந்த சருகு. அதன் மேல் அன்றன்றைய சமையல் கழிவு ஒரு பங்கு, சருகு இரண்டு பங்கு. தொடக்கத்தில் இரண்டு கை சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் வேகமாக மக்கும். வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு போடுங்கள். நாற்றம் அடித்தாலும் அதே மருந்துதான். வெள்ளையாகக் கொழுத்த புழுக்கள் வந்தால் பயப்படாதீர்கள், அவை கழிவைத் தின்று தீர்ப்பவை. எண்ணெய்க் குழம்பு, மீன், எலும்பு மட்டும் போடாதீர்கள், எலி வரும்.

ஒரு டிரம் நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது நிறையும்போது முதலாவது காட்டு மண் வாசத்தோடு கறுப்பாக இருக்கும். கழிவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அதனால் அளவைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம். உங்களுக்குச் சிரமம் தரப்போவது சருகுதான். தெருவில் கூட்டிக் கொளுத்துகிற இலைகளைக் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டி வையுங்கள். புங்கை, வேம்பு, மா எதுவானாலும் சரி. சருகு இருப்பு இல்லாத வீட்டில்தான் உரத் தொட்டி நாறி, ஒரு மாதத்தில் கைவிடப்படுகிறது.

தண்ணீர். கூரைப் பரப்பு 900 சதுர அடி, திருச்சியில் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். கூரையில் விழுவது 70,000 லிட்டருக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 55,000 லிட்டர் கைக்கு வரும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-இல் சட்டம் வந்தது, உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று போய்ப் பாருங்கள். பல வீடுகளில் குழி தூர்ந்து, குழாய் தெருச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் குழியைத் தோண்டி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டு, மாடியைப் பெருக்கிவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, அதன் பிறகு பிடியுங்கள். தொட்டியில் சேமித்தால் கொசுவலை கட்டி இறுக்கி மூடுவது கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது.

உங்கள் பக்கத்தில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்தால், செடிக்கு மழைநீரையும் கழுநீரையும் தனியே வையுங்கள். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அப்படியே செடிக்கு ஊற்றலாம். குளியலறைத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள். துணி துவைத்த நுரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் உப்புகள் மண்ணை இறுக்கிவிடும். கீரைப் பாத்திக்குக் குளியல் தண்ணீரும் கூடாது.

இனி மண். புதுவீட்டைச் சுற்றி இருப்பது மண் என்று நினைத்துவிடாதீர்கள். சிமென்ட், உடைகல், சுண்ணாம்பு, ஆணி எல்லாம் அதில் புதைந்திருக்கும். ஒரு அடி ஆழம் கொத்தி அவற்றைப் பொறுக்குங்கள். ஆடி பிறக்க நாள் இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று எல்லோரும் காய்கறி விதை போடுவார்கள். நீங்கள் இந்த வருடம் உங்கள் மண்தரையில் சணப்பையோ தக்கைப்பூண்டோ அடர்த்தியாக விதையுங்கள். 45 நாளில் பூ எடுக்கும் நேரத்தில் வெட்டி, அங்கேயே மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடுங்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா விதை, பசுந்தாள் எல்லாம் கலந்து விதைத்து மடக்குகிற பலதானிய விதைப்பும் உண்டு. கரூர்ப் பக்கம் வானகத்தை நிறுவிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன வழிகளில் அதுவும் ஒன்று. ஐந்து மாதம் பொறுத்தால் தைப்பட்டத்தில் நீங்கள் விதைப்பது வேறு மண்ணாக இருக்கும். முதல் பருவத்தை மண்ணுக்குக் கொடுக்காமல் நேராகக் கத்தரி நட்டு, அது குட்டையாக நின்று காய்க்காமல் போனதும் “எனக்குக் கைராசி இல்லை” என்று ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர். பழுது மண்ணில், பழி மட்டும் கையின் மேல்.

அந்த ஐந்து மாதம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாடியில் கீரை தொடங்குங்கள்.

அதற்கு முன் மாடியின் பலம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்பது நம் நாட்டுக் கட்டட விதியின் கணக்கு. ஈரமான தோட்டத்து மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். அரை அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே மாடியில் மண் கொட்டக் கூடாது, பை அல்லது தொட்டிதான். அதையும் நடுவில் குவிக்காமல், அடியில் உத்தரமும் சுவரும் ஓடுகிற ஓரங்களை ஒட்டி வையுங்கள். மண் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. எடை குறையும், ஈரமும் நிற்கும். பைக்கு அடியில் செங்கல் கொடுத்தால் தளம் ஈரமாகாது. வீட்டை அளந்துவிட்டுப் போனவரிடம் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டாம். பத்துப் பை, மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, விதை, கணக்கு நோட்டு எல்லாம் மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாடித்தோட்டத் தொகுப்புகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவந்திருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போது இருப்பு உண்டா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

ஏன் கீரை என்றால், அது சீக்கிரம் பதில் சொல்லும். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கிடைக்கும். அரைக்கீரை ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கடையில் வாங்கும் பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, தண்டை நட்டால் பிடித்துக்கொள்ளும். விதைக்குக் காசே இல்லை. கீரை விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து தூவி, மேலே லேசாக மண் தெளித்து, பூவாளியில் விடுங்கள். வாளியோடு ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். எறும்பு இழுக்காமல் இருக்கச் சுற்றிலும் சாம்பல் போடுங்கள். வாரத்துக்கு ஒரு பை என்று இடைவெளி விட்டு விதைத்தால் வாரத்துக்கு ஒரு முறை கீரை கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் பத்துப் பையும் விதைத்துவிட்டால் ஒரே வாரத்தில் தின்னத் தீராமல் முற்றிப்போகும்.

நிரந்தரமாக நிற்க வேண்டியவற்றை ஐப்பசி மழையில் நடுங்கள். முருங்கையில் 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ஆறு, ஏழு மாதத்தில் காய்க்கும். மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால்தான் கைக்கு எட்டும்படி கிளை விடும். முருங்கை மரம் காற்றுக்கு முறியும், கம்பளிப்பூச்சியும் அடையும். சுவரையும் மின்கம்பியையும் கழிவுநீர்த் தொட்டியையும் விட்டு விலகியே நடுங்கள். வாழைக்கு உங்கள் ஊரைவிடக் கொடுத்துவைத்த இடம் கிடையாது, தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஒரு பூவன் கன்று போதும். இலைக்கு இலை, தண்டுக்குத் தண்டு, பூவுக்குப் பூ. கறிவேப்பிலை முதல் வருடம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதைப் பறிக்காமல் விடுங்கள்.

பூச்சிக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயிலோடு மல்லுக்கட்டிப் புதிதாக எதுவும் விதைக்காதீர்கள். இருக்கும் செடிக்கு நிழல்வலை, வேரில் சருகு மூடாக்கு, காலை மாலை தண்ணீர் போதும். அந்த வெயில் வேறு வேலைக்கு: மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல், கூழ்வடகம், நார்த்தங்காய். மாடியில் செடி வளராத இரண்டு மாதத்தில் மாடி வருடத்துக்கான தொட்டுக்கொள்ளும் வகைகளைச் செய்து தருகிறது.

மாடு வேண்டாம். நாட்டு மாடோ கலப்பினமோ, நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோ பசுந்தீவனமும் வைக்கோலும் வேண்டும். நாலு சென்ட்டில் அது கிடைக்காது, தீவனத்தை விலைக்கு வாங்கினால் பால் பொன் விலைக்கு நிற்கும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் வேறு. பசியோடு கட்டுத்தறியில் நிற்கும் மாட்டைப் பார்த்து எளிய வாழ்வு என்று சொல்ல என் மனம் ஒப்பாது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் பாலும் சாணமும் வாங்குங்கள், அவருக்கும் பிழைப்பு.

கோழி பிறகு பார்க்கலாம். கீரையும் உரத் தொட்டியும் ஒரு வருடம் தடையில்லாமல் ஓடினால், நான்கு சிறுவிடைப் பெட்டை வாங்குங்கள். சேவல் வேண்டாம், முட்டைக்குச் சேவல் அவசியமில்லை, அக்கம்பக்கத்தாரின் விடியற்காலைத் தூக்கமும் கெடாது. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். வருடத்துக்கு அறுபது, எழுபது முட்டை என்பதே நல்ல கணக்கு. இரவில் பூனை, கீரி நுழையாத கூடு வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. அரசு கால்நடை மருந்தகத்தில் அதற்கான தடுப்பூசியைப் போட்ட பிறகே கோழி வளர்ப்பு. உங்கள் உள்ளாட்சியில் குடியிருப்புப் பகுதிக்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதை இதுவரை தள்ளி வைத்திருந்தேன், லேசானது என்பதற்காக அல்ல. “ஊர்ல பட்ட பாடு” என்று அவர் சொல்வது உண்மையான பாடு. விடிவதற்கு முன் சாணம் அள்ளி, தண்ணீர் தூக்கி, நெல் அவித்து, மாவு ஆட்டி, புகையில் சமைத்த வாழ்க்கையை நாம் தள்ளி நின்று எளிமை என்று அழகுபடுத்துகிறோம். அந்த வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான் இருந்தது. இப்போதும் வீட்டில் தற்சார்பு என்று தொடங்கினால் அது சத்தமில்லாமல் பெண்ணின் இரண்டாவது வேலையாக, மூன்றாவது வேலையாக வந்து உட்காரும். நீங்கள் வேலைக்கும் போய், வடகமும் பிழிந்து, உரமும் கிளறி, கணக்கும் எழுதினால் ஆறு மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். அப்படிச் சோர்வதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

ஆகவே தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். மண் கொத்துவதும் காலைத் தண்ணீரும் உங்கள் கணவருடையது. டிரம் கிளறுவதும் சருகு சேர்ப்பதும் பிள்ளைகளுடையது. கணக்கு உங்களுடையது. மாமியாரிடம் வேலை கொடுக்காதீர்கள், அறிவைக் கேளுங்கள். சுரை விதையை எப்போது ஊன்றுவது, பரங்கி விதையைச் சாணத்தில் தட்டிச் சுவரில் ஏன் ஒட்டிவைத்தார்கள், எந்தக் காயை விதைக்கு விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வீடியோவும் உங்கள் வீட்டு வாசலில் நின்று உங்கள் மண்ணைப் பார்த்துச் சொல்லாது. வேண்டாம் என்று அவர் சொல்லும் வேலைகளில் எவற்றை மிக்சியும் கிரைண்டரும் எடுத்துக்கொண்டனவோ, அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். ஆட்டுக்கல்லைத் திரும்ப இறக்கினால்தான் எளிய வாழ்வு என்று எந்த விதியும் இல்லை.

விதையைப் பற்றி ஒன்று. முதல் விதையை நாட்டு ரகமாகவே வாங்குங்கள். பாக்கெட்டில் எஃப்1 என்றோ ஒட்டுரகம் என்றோ போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போல் வராது, வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். வெண்டையிலும் அவரையிலும் தொடங்குங்கள், அவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பவை. நன்றாகக் காய்த்த செடியில், நடுப்பருவத்தில் வந்த இரண்டு மூன்று காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்றி உலரவிட்டு எடுங்கள். சாம்பல் கலந்து, நிழலில் காயவைத்து, மூடிய பாட்டிலில் ரகமும் மாதமும் எழுதி வையுங்கள்.

அந்த விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி ஒரு மழையில் அழுகிப்போனால் விதை அவர்கள் வீட்டிலிருந்து திரும்பி வரும். அவர்களிடம் முருங்கை இருந்தால் நீங்கள் முருங்கை நட வேண்டியதில்லை, உங்கள் பொன்னாங்கண்ணியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நாலு சென்ட் வீடு தனியாகத் தன்னிறைவு பெறாது, பத்து வீடு இருக்கிற ஒரு தெரு அதற்குக் கொஞ்சம் கிட்டே போகலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிரம்முக்குத் துளை போட்டுவிட்டு, தெருவில் யார் வீட்டில் என்ன மரம் நிற்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்து எழுதி வையுங்கள்.